தலைகீழ்ப் பூ

"அதை மட்டும் தலைகீழா ஒட்டுங்க மேஸ்திரி."

அவள் சொன்னதைக் கேட்ட டைல்ஸ் மேஸ்திரி தன் காதையே நம்பவில்லை. அடுப்புக்குப் பின்சுவரில் பூப்போட்ட டைல்ஸைக் காம்பு கீழே, பூ மேலே என்று வரிசை பிசகாமல் ஒட்டிக்கொண்டு வந்தவர் அவர். இப்படி ஒட்டினால் பார்க்கிறவர்கள் தன்னைத்தான் காறித் துப்புவார்கள் என்று முறையிட்டார். அவளுடைய கணவனும் அவரோடு சேர்ந்துகொண்டான். உனக்கென்ன மூளை குழம்பிவிட்டதா என்று கேட்டான்.

அவள் மசியவில்லை.

அவள் பிறந்த வீட்டுச் சமையலறையில் அப்பா லீவு போட்டுவிட்டுத் தானே டைல்ஸ் ஒட்டினார். ஆளை வைத்தால் ஒழுங்காகச் செய்யமாட்டான் என்று சவடால் வேறு. கடைசியில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு பூ தலைகீழாகப் போய்விட்டது. அன்றிலிருந்து பால் காய்ச்சும்போதும் திட்டு, தாளிக்கும்போதும் திட்டு. "கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஒட்டினீங்க?" என்று அம்மா ஆரம்பித்தால், அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். பேப்பர் மட்டும் குலுங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள்.

அப்பா போய், அந்த வீடும் இடிபட்ட பிறகு, அம்மா எங்கேயும் தரிக்கவில்லை. மகன் வீட்டில் இரண்டு நாள், தங்கை வீட்டில் இரண்டு நாள். இன்று இங்கே வருகிறாள். இந்தத் தடவையாவது அம்மாவைத் தன்னோடு இருக்க வைத்துவிட வேண்டும். அந்தப் பூவைப் பார்த்தால் இருந்துவிடுவாள் என்று மகளுக்கு ஒரு நப்பாசை.

மேஸ்திரி முனகிக்கொண்டே ஒட்டி முடித்தார். அவர் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அம்மா வந்துவிட்டாள். கையிலிருந்த பையை இறக்காமலே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"யார் ஒட்டினது இதை?"

மேஸ்திரி எச்சில் விழுங்கினார். மகளுக்கு முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்த கணவன் முந்திக்கொண்டான்.

"நான்தான் அத்தை. கவனிக்காம ஒட்டிட்டேன். நாளைக்கே பேத்து எடுத்து நேரா வச்சிடறேன்."

"தொடாதீங்க மாப்பிள்ளை," என்றபடி அம்மா பையைக் கீழே வைத்தாள். "உங்க மாமாவும் மறுநாளே உளியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு, நேரா வைக்கிறேன்னு. நான்தான் விடல. அப்புறம் எதைச் சொல்லி அவரைத் திட்டுறது?"