டொலோரெஸ் இடால்கோவில் வாங்கிய தட்டு

பிலோமினம்மா பார்சலைப் பிரித்தார். உள்ளே, நீலமும் மஞ்சளுமாகப் பூப் போட்ட மண் தட்டு.

"வடிவாயிருக்கு," என்றார். ஆனால் அவர் தட்டைப் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரஷாந்தினி இன்னும் குளிர்கோட்டைக் கழற்றவில்லை. விமான நிலையத்திலிருந்து மொன்ட்ரியால்-நோர் வீட்டுக்குள் இப்போதுதான் கால் வைத்திருந்தாள்.

வேலையிடத்தில் எல்லோரும் அவள் வெயில் காயப் போனதாக நினைத்தார்கள். மெக்சிகோ என்றால் கடற்கரைதானே. அவள் போனது டொலோரெஸ் இடால்கோ என்ற, கடலே இல்லாத ஒரு பழைய ஊருக்கு. தெருத் தெருவாக மட்பாண்டக் கடைகள். மதிலில், படியில், பூச்சாடியில், எங்கும் கையால் தீட்டிய வண்ணம்.

அந்த ஊரிலிருந்துதான் அவள் புருஷன் அன்டன் கடைசியாகப் போன் எடுத்தான். தாயும் மனைவியும் முதலே கனடா வந்துவிட்டார்கள். அவன், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனோடு மெக்சிகோ சுற்றி வந்துகொண்டிருந்தான். நாளைக்கு வெளிக்கிடுகிறேன் என்றான். பிறகு வருடக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை.

அவன் ஆத்துமாவுக்குக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர். பிலோமினம்மா மறுத்துவிட்டார். செத்ததை ஆர் கண்டது என்பார். வீட்டுப் போன் நம்பரை மாற்றவும் விடவில்லை. மகனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

"ஆரும் கண்டவையாமே, பிள்ளை?"

பிரஷாந்தினி கையுறையை மெதுவாக உருவினாள்.

"இல்லை மாமி. படத்தைக் காட்டி எல்லாரிட்டையும் கேட்டன். வழியிலை கனபேர் செத்தவையாம். பூசைக்குக் குடுப்பம்."

பிலோமினம்மா தட்டை மேசையில் வைத்தார். பிறகு, "ஓம்," என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவர் அழும் சத்தம் கேட்டது.

பிரஷாந்தினி கதவுக்கு வெளியே நின்றாள். தட்டக் கை போனது. தட்டவில்லை.

டொலோரெஸ் இடால்கோவில் அவள் தட்டு வாங்கிய கடையின் உட்பக்கத்தில் குனிந்திருந்து பூ வரைந்துகொண்டிருந்தவன், நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். தலை நரைத்திருந்தது. பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு சிறுமி அவன் தோளில் தொங்கியபடி பாப்பா, பாப்பா என்றாள். கியூபெக்கின் பிரெஞ்சிலும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அங்கே இருப்பவளுக்கு அந்தச் சொல்லை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. வாசலில் சிறுமியின் தாய், வேறு யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். ஒரு தட்டை எடுத்துப் பத்திரிகையில் சுற்றினான். நீட்டும்போது, வாசலுக்குக் கேளாத குரலில் தமிழில் கேட்டான்.

"அம்மா இருக்கிறாவே?"

அவள் ஓமென்று தலையசைத்தாள்.

அவளைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.