தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

ஏழு நாளாக உடம்புச் சூடு ஒரே அளவு, தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஆஸ்பத்திரியில் மாடசாமியின் கையில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பிய, சூடு அளக்கும் வில்லை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முன் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற வழக்கமெல்லாம் ஒழிந்து வருஷக்கணக்காகிறது. வில்லை சரியென்றால் சரிதான்.

நர்ஸ் ஜெசிந்தாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பல் தந்தியடிக்கப் படுத்திருக்கிறவருக்கா காய்ச்சல் இல்லை? நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"காய்ச்சலா அண்ணாச்சி?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர், போர்வைச் சூடு," என்று முந்திக்கொண்டாள், ஸ்டூலில் இருந்த அவர் மனைவி பேச்சியம்மாள். சித்திரை வெக்கையில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். "காய்ச்சல்னு தேதியைத் தள்ளிட்டா, அடுத்தது எட்டு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் இவுக தாங்க மாட்டாக."

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் தியேட்டர் கதவு திறந்தது. ஆள் தள்ளாத ஸ்ட்ரெச்சர், வில்லையைத் தேடித் தானே உருண்டு வந்தது. மாடசாமியின் கட்டிலைத் தாண்டிப் போய் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏறிப் படுங்கள், மாடசாமி," என்றது பேச்சியம்மாளிடம்.