பெயர் கேட்காத கட்டளை

சுங்கை சிப்புட் தோட்டங்களை விட்டுப் போனவர்களின் பெயர்களைக் கணினியிலிருந்து நீக்குவது ஈப்போ அலுவலகத்தில் டோரிஸின் வேலை. கட்டளையோடு பெயரையும் தட்ட வேண்டும். பெயரை விட்டுவிட்டால் புரோகிராம் சரியான முறையைச் சொல்லித் திட்டிவிட்டு, 2 என்று காட்டி நின்றுவிடும். வேலை ஒழுங்காக முடிந்தால் 0.

முறை மறக்கும்போதெல்லாம் அவள் வெறும் கட்டளையைத் தட்டித் திட்டு வாங்கிக்கொள்வாள். அன்றும் அப்படித்தான் தட்டினாள்.

0 வந்தது.

அவள் திரையைப் பார்த்தபடியே கூப்பிட்டாள். "லூயிஸ் அண்ணே, நான் பேரே போடல லா. யார் பேரை எடுத்துச்சு?"

பக்கத்து மேசை லூயிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு இந்தக் கம்ப்யூட்டர ஆன் பண்ணி வச்சிட்டுப் போனது?" என்று முனகிக்கொண்டே எழுந்து வந்து, டோரிஸின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டோரிஸ் இன்னும் அதிலிருந்து எழுந்திருக்கவில்லை.