மூணு பெட்டி போர்வை

"ஒண்ணு நான் வரணும், இல்ல இந்த டிவிடி வரணும். ரெண்டும் ஒரே வீட்டுக்கு வராது!"

சாமான் கட்ட வந்த மேஸ்திரி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தக் குரல் காதில் விழுந்தது.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. தரையிலிருந்து கூரை வரை டிவிடிக்கள். ஆயிரத்து நானூறாம். எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றவர் வீட்டுக்காரர். சுங்கத்துறையில் முப்பத்து நாலு வருஷம் கடத்தல்காரர்களை நடுங்க வைத்தவர்.

இப்போது அவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு ரூம் வீட்டை விட்டு ரெண்டு ரூமுக்குப் போறோம். இதை எங்கே வைக்கிறது, என் தலையிலயா? எல்லாப் படமும்தான் போன்லயே வருதே!" என்றாள் மனைவி.

"போன்ல வர்றது வாடகை வீடு மாதிரிம்மா. எப்ப வேணா காலி பண்ணச் சொல்லுவான். இது சொந்த வீடு."

"சொந்த வீட்டையே வித்துட்டுத்தானே போறோம்!"

அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மத்தியானம் நூலகத்துக்காரங்க வண்டி வருது. அத்தனையும் அவங்களுக்கு. ஒரு தட்டு கூட நம்ம லாரியில ஏறக் கூடாது. கேட்டீங்களா தம்பி?" என்று மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள்.

'நல்ல கல்நெஞ்சுதான்' என்று நினைத்துக்கொண்டான் மேஸ்திரி.

அவள் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்தார்.

"மேஸ்திரி, ஒரு மூணு பெட்டி. மூணே மூணு. எப்படியாவது ஏத்திடணும்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என் கதி?"

"தெரியாது. பிடிபட்டவன் எல்லாம் எங்கே கோட்டை விட்டான்னு எனக்கு அத்துப்படி. யாரும் பிரிச்சுப் பார்க்க நினைக்காத சாமான் எது? பழைய போர்வை! அடியில டிவிடி, மேல போர்வை. வெளியில கொட்டை எழுத்துல 'போர்வை'ன்னு எழுது."

மனுஷன் கண்ணில் அப்படி ஒரு மினுமினுப்பு. மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை.

ஆயிரத்து நானூறில் முந்நூறைப் பொறுக்குவது லேசா? முதலில் ஒரே படம் இரண்டு தரம் வாங்கியிருந்ததைக் கழித்தார். அப்புறம், வாங்கி உறையே பிரிக்காமல் வைத்திருந்ததை.

"பிரிக்காததே நூத்தம்பது தேறுது மேஸ்திரி! நானா இதையெல்லாம் வாங்கினேன்?" என்று அவரே வாயைப் பிளந்தார்.

ஒன்றை எடுப்பார், நெஞ்சோடு அணைப்பார், திருப்பி வைப்பார். நாலடி போய்த் திரும்பி வந்து அதையே எடுப்பார். சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டாலும் இருவரும் சிலையாகிவிடுவார்கள். ஒருவழியாக மூன்று பெட்டிகளும் கட்டி முடிந்தன.

லாரியில் ஏற்றும் நேரம். முதல் பெட்டியை இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கிக்கொண்டு போகையில், சரியாக வாசலில் வந்து நின்றாள் அம்மாள்.

"என்னது அது?"

"போர்வைம்மா" என்றான் மேஸ்திரி.

அவள் பெட்டியைப் பார்த்தாள். தூக்கியவர்களின் வியர்வையைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்த புருஷனையும் பார்த்தாள்.

"ம்... போங்க" என்று நகர்ந்துகொண்டாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

மீதி டிவிடிக்கள் நூலக வண்டியில் போயின. அவர் கையசைத்து வழியனுப்பினார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார்.

புது வீட்டில் சாமான்களை இறக்கி முடித்ததும், அம்மாள் மேஸ்திரியைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் போர்வைப் பெட்டி மூணையும் ஜன்னலோரம் வச்சிருக்கீங்க. வெயில் அடிக்குது. டிவிடி வளைஞ்சு போயிடும், தள்ளி வைங்க."

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா... உங்களுக்கு..."

"கஸ்டம்ஸ்காரர் பொண்டாட்டி தம்பி நான். ரெண்டு ஆம்பளைங்க மூச்சு வாங்கத் தூக்கற போர்வையை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று சிரித்தாள். "எப்படியும் ஏதாவது கொண்டு வருவார்னு தெரியும். அதுக்கு இடம் வேணுமேன்னு என் பாத்திரத்துல பாதியை நேத்தே தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அப்ப நேராவே சரின்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா ஆயிரத்து நானூறும் லாரியில ஏறியிருக்கும்."

கூடத்தில் வீட்டுக்காரர் சீட்டியடித்துக்கொண்டே, மூன்று பெட்டிகளையும் எங்கே பதுக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து அளந்துகொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு. மனுஷன் பேசாம சுவரைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பார். இன்னைக்குத்தான் மறுபடி டியூட்டிக்குப் போன மாதிரி துள்ளறார். நாளைக்குக் காலைல நான் வீடு பூரா ஒரு சோதனை போடப் போறேன் தம்பி. என் கண்ணுல படாத இடமா பார்த்து, கூட நின்னு நல்லா ஒளிச்சு வச்சுக் கொடுத்துட்டுப் போங்க!"