மேப்பிள் மரத்தடியில் ஒரு குச்சி

"ஹார்லன்! அங்கே என்ன பண்றீங்க?"

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து வெர்னா போட்ட சத்தத்தில் மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

இங்காவின் வீட்டுக்கு இந்தப் பக்கம் வெர்னா, அந்தப் பக்கம் ஹார்லன். நடுவீட்டு மேப்பிள் மரத்தடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார் அவர். கையில் மண்வெட்டி, பக்கத்தில் வாளி.

"ஒண்ணுமில்ல, வெர்னா."

"இங்கா ஊர்ல இல்லாத நேரத்துல மண்வெட்டியோட வந்திருக்கீங்க. ஒண்ணுமில்லையா?"

வாளியில் என்ன இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹார்லனைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. வாசலில் ஓடாத டிரக் இரண்டு. புல் வெட்டுவது வருஷத்துக்கு நாலே தடவை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது, தோட்டச் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேரிடம் வெர்னா சொல்லிவிட்டாள்.

"இங்கா பாவம், இடுப்பு ஆபரேஷனுக்கு மில்வாக்கி போயிருக்கா. இந்த மனுஷன் அவ செடியத் திருடுறார். என் கண்ணால பார்த்தேன்."

ஐந்து பேரும் காபி ஆறும்வரை உச்சுக் கொட்டினார்கள். வெர்னாவுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்குக் காரணம் வேறு.

ஊருக்குக் கிளம்பும்போது இங்கா தோட்டத்தை அவளிடம்தான் ஒப்படைத்தாள்.

"மத்ததெல்லாம் போனாக்கூடப் பரவாயில்ல. அந்த இதயப்பூச் செடிய மட்டும் பார்த்துக்கோடி. எங்க கல்யாண வருஷம் கார்ல் வச்சது."

கார்ல் இறந்து ஆறு வருஷம். மே மாதம் பிறந்தால் அந்தச் செடியின் வளைந்த தண்டுகளில் இளஞ்சிவப்பு இதயங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைச் சொட்டு.

வெர்னா வெயிலில் டாலியாப் பூ வளர்த்துப் பரிசு வாங்கியவள். நிழல் செடி பற்றி ஒன்றும் தெரியாது. ஜூலையில் இலை மஞ்சளானது. இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாள். இன்னும் மஞ்சளானது. ஒரே வாரத்தில் தண்டெல்லாம் காய்ந்து தரையோடு சாய்ந்துவிட்டது.

செத்துவிட்டது என்று முடிவு கட்டினாள். வேரோடு தோண்டி, இங்காவின் கொட்டகைக்குப் பின்னால் சருகுக் குவியலில் போட்டாள். அந்த இடத்தை மரப்பட்டைத் தூளால் மூடினாள். மறுநாள் காலையில்தான் ஹார்லன் மண்வெட்டியோடு மாட்டினார்.

பழி போட ஆள் தானாக வந்து உட்கார்ந்தால், விடுவாளா?

ஆகஸ்டில் இங்கா திரும்பினாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேரே மேப்பிள் மரத்தடிக்குத்தான் போனாள். பின்னாலேயே போனாள் வெர்னா.

"இங்கா, மனசைத் திடப்படுத்திக்கோ. கார்ல் வச்ச செடிய... ஹார்லன்..."

"அதான் அவரே போன் பண்ணிட்டாரே!"

"என்னன்னு?"

"'செத்துப்போச்சுன்னு நினைச்சுத் தோண்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. திரும்ப நட்டுட்டேன்'னு. எனக்கு ஒரே சிரிப்பு. அவர் பெண்டாட்டி வச்ச இதயப்பூ அவர் வீட்டுப் பின்னாடியே இருக்கு. இது ஜூலையில தூங்கிடும்னு அவருக்குத் தெரியாதா என்ன?"

"தூங்கிடுமா?"

"வருஷா வருஷம் இப்படித்தான்டி. வெயில் ஏறினா இலையெல்லாம் காஞ்சு மண்ணுக்குள்ள தூங்கிடும். பனி கரைஞ்சதும் எழுந்துக்கும். உன்கிட்ட சொல்ல மறந்தே போயிட்டேன்."

மரப்பட்டைத் தூளுக்கு நடுவே, பெயின்ட் கலக்கும் குச்சி ஒன்று நட்டிருந்தது. அதில் தச்சுப் பென்சிலால் கோணல்மாணலாக, 'தூங்குது. தோண்டாதீங்க.'

வெர்னா குனிந்து விரலால் மண்ணை விலக்கினாள். வேர் கெட்டியாக இருந்தது. அதன் தலையில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு முளை.

அப்பாடா! ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டார்," என்றாள் இங்கா. "'வெர்னாவுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டு வேளை தண்ணி ஊத்துனவங்க, மனசு கஷ்டப்படுவாங்க'ன்னார். இது உன் காதுல விழாத மாதிரியே இரு."

வெர்னா எழுந்தாள். மண் ஒட்டிய பாவாடையோடு விறுவிறுவென்று ஹார்லன் வீட்டு வேலிக்குப் போனாள். டிரக்கின் பேனட்டுக்குள் தலையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

"ஹார்லன்! தோண்டினது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தலை மெல்ல நிமிர்ந்தது. "என் சமையலறை ஜன்னல்ல இருந்து பார்த்தா அந்த மரத்தடி தெரியும், வெர்னா. சருகுக் குவியல்ல கிடந்த வேரை அந்த வாளியிலதான் எடுத்துட்டு வந்தேன்."

"நான் உங்களைத் திருடன்னு சர்ச்சுல அஞ்சு பேர்கிட்ட சொன்னேன்!"

"அஞ்சா? என் காதுக்கு வரும்போது பதினஞ்சு ஆயிடுச்சு."

"அப்புறம் ஏன் பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

ஹார்லன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார்.

"என் பேர் ஏற்கெனவே ரிப்பேர்தானே. நீங்க தோண்டும்போது தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே தோண்டினீங்க. உங்களால தாங்க முடியாதுன்னு தோணுச்சு."