ஆணியில் தொங்கிய டிரம்கள்

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில், சின்ன காஞ்சிபுரத்து மெக்கானிக் ஃபக்ருதீன், ஜவுளிக்காரர் கோதண்டபாணியின் காரில் பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டினார். பிரேக் ஆயில் குழாய் மூட்டில், கசியாமலிருக்க எப்போதும்போல, பக்கத்துத் தறியில் மிஞ்சிய பட்டுநூலைச் சுற்றி இறுக்கினார். பழைய டிரம்களைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

மறுநாள் மதியம் அவற்றிலிருந்து கருகல் வாடை வந்தது. தொட்ட ஃபக்ருதீனின் விரல் கொப்பளித்துவிட்டது.

சற்று நேரத்தில் கோதண்டபாணி காரில் வந்து சேர்ந்தார்.

"பாய், ஓரிக்கையாண்ட போய்க்கினு இருந்தேன். ஒரு குழந்த குறுக்க ஓடியாந்துச்சு. மிதிச்சேன், ஒரு சாண் எட்டத்துல நின்னுடுச்சு. சும்மா சொல்லக்கூடாது உங்க டிஸ்க்க!"

ஃபக்ருதீன் காருக்கடியில் குனிந்து பார்த்தார். பட்டுநூல் ஊறி அவிழ்ந்திருந்தது. பிரேக் ஆயில் ஒரு சொட்டு இல்லை. டிஸ்க் சில்லென்றிருந்தது.

"கொஞ்சம் நகர்த்தி மிதிங்க முதலாளி," என்றார், சுவரைப் பார்த்தபடி.

கார் நகர்ந்தது. சுவரில் டிரம்கள் இரண்டும் கிறீச்சிட்டன. கார் நின்றது.