அசையாத புரதம்

"உனக்கு இருக்கிறது கையா, இல்லை துடுப்பா?"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே கப்சிப்.

ஆய்வு மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தோடு மூன்றாவது தடவை. செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம். அது மேலோட்டமாக ஒட்டியதல்ல, சவ்வுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்தது, உப்புக் கரைசலில் கழுவினாலும் அசையாது என்று சொல்லியே மனிதர் இருபது வருஷமாக விருது வாங்கிக் குவிக்கிறார். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் வைத்த பெயரே 'நிரந்தரம்'தான்.

இவள் கழுவினால் மட்டும் அந்தப் பாழாய்ப்போன புரதம் கழன்றுகொண்டு வந்து தொலைக்கிறது!

"சார், நானே புதுசா உப்பு அளந்து கரைச்சு..."

"உன்னை யார் கரைக்கச் சொன்னது? அலமாரியில உதவியாளர் நிரப்பி வெச்ச புட்டி இருக்குல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா டாக்டர் பட்டத்தை மறந்துட்டு வீட்டைப் பார்த்துப் போய்ச் சேரு!"

நாலு வருஷ உழைப்பு.

அலமாரிப் புட்டியில் இருந்த கரைசலை ஊற்றிச் சவ்வைக் கழுவினாள். அட! புரதம் இம்மியும் அசையவில்லை.

"பார்த்தியா? இதுக்குப் பேருதான் சயின்ஸ்!" பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. புட்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டுக் காயவைத்தாள். உப்பு இருந்தால் வெள்ளையாகப் படிய வேண்டும். ஒன்றும் படியவில்லை. வெறும் தண்ணீர்!

நேரே உதவியாளரிடம் போய் நின்றாள்.

"ஏண்ணே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? உப்புக் கரைசல்னு லேபிளை ஒட்டிட்டுப் பச்சைத் தண்ணியை ஊத்தி வெச்சிருக்கீங்களே! அளந்து கரைக்க அவ்வளவு சோம்பலா? சார் பாவம், இது தெரியாம ஊர் ஊராப் போய்ப் பேசிட்டிருக்கார்!"

உதவியாளருக்கு முகம் சுருங்கிப்போனது.

"இந்தப் புரதம் கிரதமெல்லாம் நமக்கு என்னம்மா தெரியும்? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சார் கைப்பட எழுதிக் குடுத்தார். ஒரு நாள் தவறாம அப்படியே செய்யறேன். என்னைப் போய் சோம்பேறின்னு சொல்லிட்டியே!"

பர்ஸுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த பழுப்பேறிய சீட்டை எடுத்து நீட்டினார்.

முத்து முத்தான கையெழுத்து, பேராசிரியருடையதேதான்:

'உப்பு போட்டால் கழன்றுவிடுகிறது. இனி இந்தப் புட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் நிரப்பவும். லேபிளை மாற்ற வேண்டாம்.'